சக்கரம் தரையில் படும் முன்

எங்கள் ரோபோ லேபில் வருஷா வருஷம் மாணவர்கள் மாறுவார்கள். ரோபோக்களும் எப்போதாவது மாறும். மாறாமல் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "சார், கனெக்ட் ஆகல."

கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் லேப் பொறுப்பாளராக இருக்கிறேன். ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது, அறையின் வரைபடத்தைப் போட வைப்பது எல்லாம் பேராசிரியர்கள் பாடு. காலையில் அதை எழுப்பி, கம்ப்யூட்டரோடு பேச வைத்து, சாயங்காலம் உடையாமல் அலமாரியில் ஏற்றுவது என் பாடு. சொல்லக் கேட்டால் இரண்டு நிமிட வேலை. மூன்று மணி நேர பிராக்டிகலில் பெரும்பகுதியை இந்த இரண்டு நிமிட வேலை தின்றுவிடுவதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

"கனெக்ட் ஆகல" என்று வரும் பிள்ளைகளுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேட்பேன். எந்த லைட் எரியுது? எந்த போர்ட்? ஸ்கிரீன்ல கடைசியா வந்த வரி என்ன? ரோபோவுல இப்ப மணி என்ன? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்களிடம் இருக்கும் மூத்த ரோபோ பயனியர் 3-டிஎக்ஸ். சிவப்பு உடம்பு, கறுப்பு மேல்தட்டு, 19.5 சென்டிமீட்டர் விட்டத்தில் இரண்டு சக்கரம், பின்னால் தாங்கிக்கொள்ள ஒரு குட்டிச் சக்கரம். முன்பக்கம் வளைவாக எட்டு சோனார் கண்கள். எடை 9 கிலோ, வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் வரை. நாம் நடக்கும் வேகம்தான். ஆனால் 9 கிலோ எடை அந்த வேகத்தில் மேஜை விளிம்பைத் தாண்டினால் கீழே நிற்பவர் காலுக்கும் ஆபத்து, ரோபோவுக்கும் ஆபத்து. அதனால் எங்கள் லேபின் முதல் சட்டம் கம்ப்யூட்டரைப் பற்றியதே இல்லை. ரோபோவை மரக்கட்டை மேல் ஏற்றி வை, இரண்டு சக்கரமும் காற்றில் சுற்றட்டும். அதன் பிறகு கேபிளைத் தொடு. ஒர்க்‌ஷாப் கார்பென்டரி பிரிவில் சொல்லி ஒவ்வொரு ரோபோவுக்கும் அளவாக ஒரு கட்டை வெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். கட்டையில் ரோபோவின் பெயரும் எழுதியிருக்கும். லேபில் அதிகம் தொலைவது அந்தக் கட்டைதான். கதவுக்கு முட்டுக்கொடுக்க யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

அடுத்தது பேட்டரி. பயனியருக்குள் 12 வோல்ட், 7.2 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி மூன்று வரைக்கும் போடலாம். யுபிஎஸ்ஸில் பார்த்திருப்பீர்களே, அதே இனம். பின்கதவைத் திறந்தால் மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விரல் நுழைய இடமில்லாததால் இழுத்து எடுக்க ஒரு ரப்பர் உறிஞ்சியைக் கூடவே கொடுத்திருப்பார்கள். ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக எடுத்து மாற்றலாம் என்பது நல்ல வசதி. நம் ஊர்க் கல்லூரிகளில் இந்த வகைப் பேட்டரி வேலை செய்து சாவதில்லை, விடுமுறையில் சாகிறது. ஏப்ரலில் செமஸ்டர் முடிந்து அரைகுறை சார்ஜில் பூட்டி வைத்துவிட்டு ஜூலையில் திறந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகியிருக்கும். சார்ஜரில் போட்டால் சட்டென்று "ஃபுல்" காட்டும், ஓட்டினால் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். பயனியர் சாதாரணமாக 11.5 வோல்ட்டுக்குக் கீழே போனதும் கீச்சிட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைப் புது மாணவர்கள் "கனெக்ட் ஆயிடுச்சு போல" என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கோடை விடுமுறையில் மாதம் ஒரு நாள் வந்து சார்ஜ் போட்டுவிட்டுப் போவதற்கு எனக்குப் படி எதுவும் கிடையாது. ஆனாலும் போகிறேன். புதுப் பேட்டரிக்கு நோட் போட்டு, கொட்டேஷன் மூன்று வாங்கி, கையெழுத்துக்கு அலைவதைவிட அது லேசு.

சுவிட்சைப் போட்டால் சிவப்பு பவர் விளக்கு நிலையாக எரியும். பக்கத்தில் பச்சை விளக்கு மெதுவாகக் கண் சிமிட்டும். ரோபோ விழித்திருக்கிறது, யாராவது பேசுவார்களா என்று காத்திருக்கிறது என்று அர்த்தம். பச்சை சிமிட்டாவிட்டால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே வேண்டாம், கோளாறு இன்னும் ரோபோவுக்குள்தான் இருக்கிறது. இந்த ஒரு விளக்கைப் பார்க்கப் பழகிவிட்டாலே பாதி அலைச்சல் மிச்சம். பிள்ளைகளோ விளக்கை விட்டுவிட்டு நேராக ஸ்கிரீனுக்குப் போவார்கள், பிழை வரியை காப்பி செய்து கூகுளில் தேடுவார்கள், யாரோ எங்கேயோ எப்போதோ சொன்ன தீர்வை ஒட்டிப் பார்ப்பார்கள்.

இனி கேபிள். பயனியர் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டில் பேசும் ரோபோ. இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட் கிடையாது என்பதால் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கிடைக்காத கன்வெர்ட்டர் இல்லை. ஆனால் மலிவானவற்றுக்குள் இருக்கும் சிப் பல நேரம் அசலின் நகல். விண்டோஸில் புது டிரைவர் ஏறியதும் "இது எங்கள் சிப் இல்லை" என்று கைவிரித்துவிடும். நேற்று வரை ஓடிய கன்வெர்ட்டர் இன்று மஞ்சள் முக்கோணம் காட்டினால் காரணம் பெரும்பாலும் அதுதான். இன்னொன்று, கேபிளில் நேர்க் கேபிள், குறுக்குக் கேபிள் என்று இரண்டு சாதி உண்டு. குறுக்கில் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பயனியரின் பேனல் போர்ட்டுக்கு நேர்க் கேபிள். எங்கள் லேபில் குறுக்குக் கேபிள்களின் இரு நுனியிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். சிவப்பைப் பயனியரில் சொருகக் கூடாது.

லினக்ஸ் பக்கம் வேறு கதை. உபுண்டுவில் சீரியல் போர்ட்டைத் தொட, பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். மோடம் வைத்து டயல் செய்த காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. குழுவில் சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும் என்பதை யாரும் செய்ய மாட்டார்கள், "சேர்த்துட்டேன் சார், அப்பவும் வரல" என்பார்கள். உபுண்டு 22.04 வந்த புதிதில் இன்னொரு வேடிக்கை. சிஎச்340 சிப் உள்ள கன்வெர்ட்டரைச் சொருகியதும் போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் மென்பொருள் ஒன்று உபுண்டுவோடு சேர்ந்தே வருகிறது. அது இந்த சிப்பைப் பார்த்து நம்முடைய பிரெய்ல் கருவிதான் என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். நல்ல நோக்கத்துக்காக எழுதிய மென்பொருள்தான், அதனால் திட்டவும் மனசு வராது. கர்னலின் பதிவைத் திறந்து பார்த்தால் இதெல்லாம் வரி வரியாக எழுதியிருக்கும். கன்வெர்ட்டரைச் சொருகும்போது அந்தப் பதிவை ஓட விட்டுப் பார்க்கச் சொல்வேன்.

எல்லாம் சரியாக இருந்தால் பேச்சு தொடங்கும். இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டர் முதலில் ஆறு எண்களை அனுப்பும்: 250, 251, 3, 0, 0, 0. முதல் இரண்டும் "இதோ ஒரு செய்தி தொடங்குகிறது" என்பதற்கான அடையாளம். 3 என்பது இன்னும் எத்தனை பைட் வரப்போகிறது என்பது. அடுத்த 0 செய்தி. கடைசி இரண்டும் வழியில் எதுவும் சிதையவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை. இதற்கு சிங்க் 0 என்று பெயர். ரோபோ அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் கம்ப்யூட்டர் 250, 251, 3, 1, 0, 1 என்று சிங்க் 1 அனுப்பும். அதுவும் திரும்பி வந்தால் சிங்க் 2. ஊருக்கு போன் போட்டால் "ஹலோ, கேக்குதா?" "கேக்குது, சொல்லு" என்று உறுதி செய்துகொண்டு பிறகு விஷயத்துக்கு வருவோமே, அந்த மாதிரி. சிங்க் 2-க்குப் பதில் சொல்லும்போது ரோபோ தன் பெயரையும் இனத்தையும் சேர்த்துச் சொல்லும். ஸ்கிரீனில் பயனியர், பி3டிஎக்ஸ் என்று எழுத்து விழுந்ததும் பச்சை விளக்கு வேகமாகச் சிமிட்டும், எட்டு சோனாரும் டிக் டிக் டிக் என்று கேட்கத் தொடங்கும். ஏசி சத்தத்திலும் அந்த டிக் கேட்கும். ஸ்கிரீனைப் பார்க்காமலே, லேபின் அந்த மூலையிலிருந்து இணைப்பு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

எந்த சிங்க்கில் நின்றது என்பதுதான் நோய் எங்கே என்பதற்குத் துப்பு. சிங்க் 0-வையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால் ரோபோ காதில் விழவில்லை: கேபிள், போர்ட், வேகம் மூன்றில் ஒன்று. பயனியர் கேட்கும் ஆரம்ப வேகம் 9600 பாட். குப்பை குப்பையாக ஏதோ திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் வேகம் ஒத்துப்போகவில்லை. கேபிளே இல்லாமல் "இணைந்துவிட்டது" என்று வந்தால் பயப்பட வேண்டாம். இந்த ரோபோவுக்கான ஆரியா நூலகம் சீரியலுக்குப் போகும் முன் அதே கம்ப்யூட்டரில் 8101 என்ற போர்ட்டில் சிமுலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்கும். போன பேட்ச் மூடாமல் விட்டுப்போன சிமுலேட்டரோடு இந்த பேட்ச் பேசிக்கொண்டிருக்கும். திரையில் ரோபோ அழகாக நகரும், மரக்கட்டை மேல் இருப்பது அசையாது.

இணைந்த பிறகும் ரோபோ நம்மை முழுதாக நம்புவதில்லை. கம்ப்யூட்டரிடமிருந்து இரண்டு வினாடிக்கு எந்தச் செய்தியும் வராவிட்டால் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். இந்த இரண்டு வினாடிதான் அதன் காவல் நேரம். அதனால் சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் "இருக்கேன், இருக்கேன்" என்று ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பல்ஸ் என்றே அதற்குப் பெயர். ரோபோ தன் பங்குக்கு வினாடிக்குப் பத்து முறை தன் நிலவரத்தைச் சொல்லும்: எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன், பேட்டரி எவ்வளவு, சக்கரம் எங்காவது சிக்கியிருக்கிறதா.

கம்ப்யூட்டரையும் ரோபோவையும் தனித்தனியாக வைத்து நடுவில் ஒரு இணைப்பைப் போடும் ஏற்பாடு பழையது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966 முதல் 1972 வரை உருவான 'ஷேக்கி'க்கு மூளை உடம்பில் இல்லை. அறையை அடைத்துக்கொண்டு நின்ற கணினியோடு ரேடியோ வழியே பேசித்தான் அது நகர்ந்தது. பயனியர் வரிசையின் வேரும் அதே நிறுவனத்தில், கர்ட் கொனோலிகேயின் வேலையில் இருக்கிறது. ஷேக்கியின் காலத்து ஆட்களும் காலையில் வந்து முதலில் ரேடியோவைத்தான் சரிபார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பயனியருக்குப் பிறகு எங்களுக்கு வந்தது டர்டில்பாட்3 பர்கர். 2017-இல் சந்தைக்கு வந்த ரகம். ஒரு கிலோ எடை, அடுக்கு அடுக்காகத் தட்டுகள், உச்சியில் சுற்றும் லேசர். சின்னதாக இருக்கிறது, சுலபமாக இருக்கும் என்று நம்பினோம். சீரியல் கேபிள் போய் வைஃபை வந்தது. தொல்லை இடம் மாறியது, அவ்வளவுதான்.

இதில் கம்ப்யூட்டர் ஒன்றில்லை, மூன்று. மோட்டாரையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளும் ஓபன்சிஆர் போர்டு ஒன்று. அதன் மேல் தட்டில் ராஸ்பெர்ரி பை. நம் மேஜையில் லேப்டாப். சுவிட்சைப் போட்டதும் ஓபன்சிஆர் ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். மெட்டு கேட்டால் கீழ்த்தட்டு நலம். போர்டில் உள்ள பொத்தான்களில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் 30 சென்டிமீட்டர் முன்னே போகும், மற்றது 180 டிகிரி திரும்பும். வைஃபை, லினக்ஸ் எதுவுமில்லாமல் மோட்டாரைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சோதிப்பவர் நூற்றில் ஒருவர். ராஸ்பெர்ரி பையும் ஓபன்சிஆரும் ஒரு மைக்ரோ யுஎஸ்பி கேபிளால் பேசுகின்றன. பழைய கேபிள் போனதென்று யாராவது போன் சார்ஜர் கேபிளைப் போட்டுவிடுவார்கள். அதில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. விளக்கெல்லாம் எரியும், பேச்சு இருக்காது.

பர்கரின் பேட்டரி 11.1 வோல்ட் லிபோ. இதற்கு லெட் ஆசிட்டின் குணம் கிடையாது. முழு சார்ஜில் பல மாதம் வைக்கவும் கூடாது, அடியோடு தீர்க்கவும் கூடாது. உப்பிப்போனால் தூக்கி ஓரமாக மணல் வாளியில் வைத்துவிட வேண்டும். சார்ஜ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. இணைப்பு வேலை நடக்கும் வரை பேட்டரியே வேண்டாம் என்பது என் பழக்கம். கூடவே வரும் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகி வைத்து, எல்லாம் பேசிய பிறகு பேட்டரிக்கு மாறுவோம். வேலை முடிந்ததும் சுவிட்சை நேரே அணைக்காமல், ராஸ்பெர்ரி பையை முறையாக ஷட்-டவுன் செய்துவிட்டு அணைக்கச் சொல்லிப் பலகையில் எழுதியே வைத்திருக்கிறேன். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெடும், கெட்டால் அரை நாள் போச்சு.

வைஃபைக்கு வருவோம். கல்லூரி வளாக வைஃபையில் ரோபோவை ஏற்றலாம் என்று ஆரம்பத்தில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அதில் லாகின் பக்கம் உண்டு. ரோபோவுக்குப் பிரவுசர் ஏது? அதைத் தாண்டினாலும் ஒரு சாதனம் இன்னொரு சாதனத்தைப் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். நெட்வொர்க்கைப் பார்க்கிறவர்களிடம் கேட்டால் "செக்யூரிட்டி சார்" என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம்தான், ஆயிரக்கணக்கான போன்கள் உலவும் இடம். நான் அலமாரிக்கு மேலே தனியாக ஒரு ரவுட்டரை மாட்டினேன். அதற்கு இன்டர்நெட் கிடையாது. ரோபோக்களும் லேப்டாப்புகளும் மட்டும் அதில். ஒவ்வொரு ரோபோவுக்கும் மாறாத ஐபி முகவரியை ரவுட்டரிலேயே எழுதி, அந்த எண்ணை ரோபோவின் தட்டில் ஸ்டிக்கராகவும் ஒட்டினேன்.

பர்கரில் ஓடுவது ராஸ், அதாவது ரோபாட் ஆபரேட்டிங் சிஸ்டம். 2007 வாக்கில் வில்லோ கராஜ் என்ற கலிஃபோர்னிய லேபில் வளர்ந்த மென்பொருள். பெயரில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருக்கும், ஆனால் உபுண்டு மேல்தான் ஓடும். முதல் தலைமுறை ராஸில் ஒரு மாஸ்டர் உண்டு. 11311 என்ற போர்ட்டில் உட்கார்ந்து, யார் எதை அனுப்புகிறார், யாருக்கு எது வேண்டும் என்ற முகவரிப் புத்தகத்தை வைத்திருக்கும். பர்கரில் மாஸ்டரை லேப்டாப்பில் ஓட்டுவது வழக்கம். ரோபோவில் உள்ள ஒரு கோப்பில் அந்த லேப்டாப்பின் முகவரியை எழுதி வைப்போம். புது மாணவர் தன் லேப்டாப்போடு வருவார், கோப்பை மாற்ற மாட்டார். ரோபோவோ, வேலைக்குப் போய்விட்ட போன வருஷ மாணவனின் லேப்டாப்பைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதைவிடக் குழப்பமான நோய் ஒன்று உண்டு. லேப்டாப்பில் பட்டியலைக் கேட்டால் ரோபோ அனுப்பும் தலைப்புகள் எல்லாம் வரிசையாக வரும்: லேசர், சக்கரக் கணக்கு, பேட்டரி. ஒன்றைத் திறந்து கேட்டால் மௌனம். பிழைச்செய்தியும் வராது. மாணவர்கள் சென்சார் போச்சு என்று முடிவுகட்டி ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்கள். நடப்பது இதுதான். மாஸ்டர் முகவரியை மட்டும்தான் தரும், தரவு அதன் வழியே போகாது. லேப்டாப் நேராக ரோபோவிடம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ரோபோ தன் முகவரியாகத் தன் ஐபி எண்ணைத் தராமல் தன் பெயரைத் தந்திருக்கும். அந்தப் பெயர் எந்த எண் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் "நான் இந்த ஐபி" என்று வெளிப்படையாகச் சொல்ல வைத்தால் மௌனம் கலையும். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் வேறு வழியில் வரும். "பிங் போகுது சார்" என்பார்கள். லேப்டாப்பிலிருந்து ரோபோவுக்குப் போகும், ரோபோவிலிருந்து திரும்பப் பண்ணச் சொன்னால் போகாது. விர்ச்சுவல்பாக்ஸ் சும்மா விட்டால் உள்ளே இருக்கும் உபுண்டுவை வெளியார் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும். அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். பிங்கை இரண்டு பக்கமும் பார்க்காமல் என்னிடம் வரக் கூடாது என்பது லேபின் இரண்டாவது சட்டம்.

இரண்டாம் தலைமுறை ராஸில் மாஸ்டரே கிடையாது. ஒரே நெட்வொர்க்கில் ஒரே டொமைன் எண் வைத்திருப்பவர்கள் தாமாகவே ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள். வசதிதான். டர்டில்பாட்3 கையேட்டில் அந்த எண் 30 என்று உதாரணம் காட்டியிருக்கும், எல்லோரும் அதையே காப்பி செய்வார்கள். ஒரு பிராக்டிகலில் இந்தக் குழுவில் ஒரு பெண் தன் ரோபோவை முன்னே ஓட்ட 'டபிள்யூ' விசையைத் தட்டினாள், பக்கத்து மேஜையிலிருந்த அடுத்த குழுவின் பர்கர் சக்கரத்தைச் சுற்றியது. அந்தக் குழுவில் ஒருவன் அப்போது அதன் அடியில் விரலை விட்டு வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். கட்டை மேல் இருந்ததாலும் வேகம் குறைவாக இருந்ததாலும் அவன் திடுக்கிட்டதோடு போயிற்று. "நாங்க எதுவும் பண்ணலைங்க சார்" என்று இரண்டு குழுவும் சத்தியம் செய்தன. இப்போது ஐபி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் டொமைன் ஸ்டிக்கரும் இருக்கிறது. 0 முதல் 101 வரை தாராளமாக எண் இருக்கும்போது எல்லோரும் 30-க்குள் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இப்போது அந்த மணிக் கேள்வி. ராஸ்பெர்ரி பை 3-இலும் 4-இலும் மின்சாரம் போன பிறகும் நேரத்தைக் காப்பாற்றும் கடிகாரம் கிடையாது. அணைத்தபோது என்ன மணியோ அதை ஒட்டித்தான் மறுபடி எழும். இன்டர்நெட் இருந்தால் சரியான நேரத்தை வாங்கித் திருத்திக்கொள்ளும். என் ரவுட்டரிலோ இன்டர்நெட் இல்லை. ஆக, லேப்டாப்பில் இன்று வியாழன் காலை பத்தரை, ரோபோவில் போன செவ்வாய் சாயங்காலம். லேசர் அளவு ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் பதிந்திருக்கும். வரைபடம் போடும் நிரல் லேப்டாப்பில் ஓடும், இரண்டு நாள் பழைய அளவு என்று அதைத் தள்ளிவிடும். ஸ்கிரீனில் காலத்தைப் பற்றி ஏதோ புலம்பலாக மஞ்சள் வரிகள் ஓடும், வரைபடம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். இணைப்பில் ஒரு குறையும் இருக்காது. தரவு வரும், லேசர் சுற்றும், சக்கரமும் ஓடும். மணி மட்டும் ஒட்டாது. லேப்டாப் ஒன்றை குரோனி என்ற மென்பொருள் வைத்து லேபுக்கே மணி சொல்லும் ஆளாக்கிவிட்டோம். ரோபோக்கள் எழுந்ததும் அதனிடம் மணி கேட்டுக்கொள்கின்றன. அதிலிருந்து வரைபடம் பற்றிய புலம்பல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இணைப்பு வந்ததும் பிள்ளைகள் கட்டையிலிருந்து ரோபோவை இறக்கக் கை நீட்டுவார்கள். அங்கே நிறுத்துவேன். இன்னும் ஒரு சோதனை பாக்கி: இணைப்பை அறுப்பது. சக்கரத்தைக் காற்றில் சுற்ற விட்டு, பயனியர் என்றால் கேபிளைப் பிடுங்கு, பர்கர் என்றால் ரவுட்டரை அணை. சக்கரம் தானாக நிற்கிறதா பார். பயனியர் இரண்டு வினாடியில் நிற்கும். பர்கரில் அது ஓபன்சிஆரில் ஏற்றியிருக்கும் ஃபர்ம்வேரைப் பொறுத்தது. அதனால் புது ஃபர்ம்வேர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்வோம். நிற்காத ரோபோ எங்கள் லேபில் தரைக்கு வராது. இணைந்தபோது எப்படி ஓடும் என்பதைவிட, இணைப்பு போனால் எப்படி நிற்கும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. இதில் பேராசிரியர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போகாது, நேரம் வீணாகிறது என்பார்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் பிடிபடாத ஓர் ஆபத்து உண்டு. பர்கரை விசைப்பலகையால் ஓட்டும் நிரல் கடைசியாகச் சொன்ன வேகத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். 'எஸ்' அல்லது ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் நிற்கும். அந்தத் தட்டு, நிரல் ஓடும் டெர்மினல் ஜன்னலுக்குப் போக வேண்டும். மாணவர் நடுவில் வேறு ஜன்னலைக் கிளிக் செய்திருப்பார். ரோபோ சுவரை நோக்கிப் போகும், இவர் 'எஸ்', 'எஸ்', 'எஸ்' என்று தட்டுவார், எல்லாம் பிரவுசரில் தேடல் கட்டத்தில் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும். ரோபோவைப் பொறுத்தவரை இணைப்பு பிரமாதமாக இருக்கிறது, உத்தரவு வந்துகொண்டே இருக்கிறது, நிற்க ஒரு காரணமும் இல்லை. மனிதனின் கவனம் அறுந்ததை எந்தக் காவல் நேரமும் கண்டுபிடிக்காது. அதனால் ஒருவர் விசைப்பலகையில் இருந்தால் இன்னொருவர் ரோபோவின் சுவிட்சுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்க வேண்டும். பர்கரின் உச்ச வேகம் வினாடிக்கு 0.22 மீட்டர்தான், எட்டிப் பிடித்துவிடலாம். பயனியரில் அந்தச் சலுகை கிடையாது.

ரோபோ லேப் தொடங்கும் துறைத்தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோபோவுக்கு நோட் போடும்போதே தனி ரவுட்டர், ரோபோவுக்கு இரண்டு உபரி பேட்டரி, நல்ல கன்வெர்ட்டர், தரவுக் கம்பி உள்ள கேபிள்கள் ஆகியவற்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ரோபோவின் விலையில் அது ஒரு சிறு துண்டுதான், ஆனால் பின்னால் தனியாகக் கேட்டால் கிடைக்காது. இன்னொன்று, இணைப்பை பிராக்டிகலுக்கு முந்தைய சில்லறை வேலையாக வைக்காதீர்கள். அதையே முதல் பரிசோதனையாக ரெக்கார்டு நோட்டில் எழுத வையுங்கள், இணைத்ததற்குப் பாதி மதிப்பெண், அறுத்து நிறுத்திக் காட்டியதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள்.